எஸ்தர் பெயர் வெட்டிய சட்டம்

கல்கத்தாவில் மெஷின் பழுது பார்க்கும் என் பிள்ளைக்கு, பம்பாய் செம்பூரிலிருந்து அம்மா எழுதுவது.

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை உரக்கப் படித்தார். "நம்ம பையன் ஒரு ரிப்போர்ட் எழுதினா அத்தனை பெரிய கம்பெனியே கேட்டுக்கறது, பாரு" என்று அவருக்கு ஒரே பெருமை. நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டை போட்ட கார்டுகளைக் கம்ப்யூட்டருக்குப் படித்துக் கொடுக்கிற கார்டு ரீடர் பாதி ஓட்டத்தில் நின்றுபோகிறது, அதை ஓட்டுகிற தாஸ் பாபு வேலை பார்க்கிற நேரத்தில்தான் நிற்கிறது, அவர் கார்டுக் கட்டைச் சரியாக உதறிப் பிரிக்காமல் வைக்கிறார், சனிக்கிழமை உன் ரிப்போர்ட் போகும், போனால் அவர் வேலை போய்விடும். இவ்வளவும் எழுதிவிட்டு, "வயதானவர், இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், பாவம்தான், ஆனால் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் அம்மா" என்று அந்தப் பக்கத்தை முடித்திருந்தாய். உன் அப்பா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன்.

கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் எழுத எழுத இந்தக் கோபம் அடங்கிவிடும் என்றும் தெரியும். நான் சொல்லப்போகிற விஷயத்தை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது, அப்புறம் கோபத்துக்கு எங்கே இடம்? நீ பம்பாயில் வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதற்குத்தான், மெதுவாகப் படி. இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன்னோடு தங்கியிருக்கிற பையன்களுக்கும் இதே வேலைதானே, அவர்களுக்கும் படித்துக் காட்டு.

நீ காலேஜில் இண்டர் படித்துக்கொண்டிருந்தபோது நான் குர்லாவுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன், நினைவிருக்கிறதா? யாராவது கேட்டால் "அம்மா எம்ப்ராய்டரி பண்றா" என்று சொல்லிவிடுவாய். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தார்கள். அதன் ஞாபகத்தைக் கோர்ப்பதற்குக் கண்பார்வையும் கைநிதானமும் உள்ள பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். ஞாபகத்தைக் கோர்ப்பதா என்று நானும் சிரித்தேன். முதல் நாள் என் முன்னால் ஒரு தட்டில் கறுப்பாக எதையோ கொட்டினார்கள். கடுகு என்று நினைத்தேன். கிட்டப் பார்த்தால் ஒவ்வொன்றும் வளையம். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் முடி மாதிரி செப்புக் கம்பியை, ஒன்றல்ல, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலுமாக நாலு கம்பியை நுழைக்க வேண்டும். ஸ்லேட் அளவு ஒரு சட்டத்துக்குள் அந்த வளையங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். அப்படிச் சட்டம் சட்டமாக அடுக்கினால் அதுதான் மெஷினின் ஞாபகம்.

எனக்கு அதை விளங்கச் சொன்னவர் சேஷாத்ரி என்கிற எஞ்சினியர். மாதுங்காவில் இருக்கிற தமிழர்தான், கல்யாணம் ஆகவில்லை, சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருக்கும். "மாமி, இந்த வளையத்துக்கு ரெண்டே ரெண்டு பதில்தான் தெரியும். ஆமாம், இல்லை. நீங்க எதைச் சொல்லி வெச்சேளோ அதை அப்படியே வெச்சுண்டிருக்கும். கரண்டை நிறுத்திட்டுப் போனாலும் மறக்காது. நாளைக்கு வந்து கேட்டா அதையே சொல்லும்" என்றார். நான் அன்றைக்குச் சமையல் செய்யும்போது கடுகு தாளிக்கக் கை வரவில்லை, போ. ஒரு கடுகு அளவுக்குள் ஒரு பதில் உட்கார்ந்திருக்கிறது, கேட்கிறவர் வரும்வரை காத்திருக்கிறது என்றால், நான் எந்த உலகத்தில் இருக்கிறேன் என்று பிரமிப்பாக இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். "சரி, சாதத்தைப் போடு" என்றார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் எஸ்தர். தாராவியிலிருந்து சயன் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து ரயில் பிடித்து வருவாள், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். அவள் புருஷனுக்கு மில்லில் வேலை போய் வருஷமாகியிருந்தது, அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். எங்கள் எல்லோரையும்விட வேகமான கை அவளுக்கு. தையல்காரிகள் செய்வதுபோல ஊசியைத் தலைமுடிக்குள் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வாள், எண்ணெய் பட்டு ஊசி வழுக்கிக்கொண்டு போகும். நாங்களும் செய்வோம்தான். ஆனால் எஸ்தருக்கு அடர்த்தியான முடி, அதில் தாராளமாக எண்ணெய், அதனால் அவள் செய்வது எல்லோர் கண்ணிலும் படும். சட்டத்தில் பெயர் வெட்டுகிற யோசனையும் அவளுடையதுதான். "யக்கா, ஒரு சொம்பு வாங்குனாகூட பேரு வெட்டித்தான வைக்கோம். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கோத்துருக்கோம், நம்ம பேரு இருக்கட்டுமே" என்று சொல்லி, கோர்ப்பதற்கு முன்னாலேயே வெறும் சட்டங்களைத் தாராவியில் ஒரு பாத்திரக்கடைக்கு எடுத்துப் போனாள். பித்தளை மூலையில் புள்ளி புள்ளியாகத் தமிழில் அவரவர் பெயரை வெட்டி வாங்கி வந்தாள். கல்யாணத்துக்கு வாங்கின பாத்திரம் மாதிரி என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். சேஷாத்ரி பார்த்துவிட்டுச் சிரித்தார், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மெஷின் ஓடத் தொடங்கிய நாளை உனக்கு எப்படிச் சொல்வேன்? செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஹாலுக்குள் போக வேண்டும், தூசிக்காக என்று சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் கழற்றியிருப்போம். அறை முழுக்க ஏ.சி. குளிர். முகப்பில் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். அவை மினுக்கி மினுக்கி ஓடும்போது, நாங்கள் கோர்த்த வளையங்களிடம் மெஷின் கேட்கிறது, அவை பதில் சொல்கின்றன என்று சேஷாத்ரி சொன்னார். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது, காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

கொஞ்ச நாளிலேயே மெஷின் படுக்க ஆரம்பித்தது. காலையில் ஜோராக ஓடும். ஏ.சி. நன்றாக ஏறி அறை சில்லிட்டுப்போனதும் விளக்குகள் அப்படியே நின்றுவிடும். திரும்பப் போட்டால் கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். ஏ.சி. ரிப்பேராகிக் கிடந்த அன்றைக்குப் பார்த்தால் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. இதற்கு நடுவில் டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வருவதாகச் செய்தி வேறு. ஓடினால் இன்னும் மெஷின் செய்யச் சொல்வார்கள், ஓடாவிட்டால் வெளிநாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று கடையை மூடச் சொல்வார்கள். டைரக்டர் சாகேப் ஹாலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார்.

சேஷாத்ரி ஒரு வேலை செய்தார். எல்லா வளையங்களிலும் "இல்லை" என்று எழுதச் சொல்லி, உடனே அத்தனையையும் திரும்பப் படிக்கச் சொன்னார். எல்லாச் சட்டமும் "இல்லை" என்றே சொன்னது. ஒரே ஒரு சட்டம் மட்டும் குளிர் ஏறியதும் அங்கங்கே "ஆமாம்" என்று சொல்ல ஆரம்பித்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே சட்டம்தான். அத்தனை கம்பி, அத்தனை வளையம், அத்தனை விளக்கு, இதற்குள் ஒளிந்துகொண்டிருந்த பழுதை ஒரு கேள்வி கேட்டு ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கழற்றி வெளியே எடுத்தார்கள். பித்தளை மூலையில் புள்ளி புள்ளியாக எஸ்தர் என்று இருந்தது.

டைரக்டர் அந்தச் சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். அதற்கப்புறம் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மார்கழிக் காலையில் எண்ணெய்ப் பாட்டில் உறைந்துபோவதைப் பார்க்காதவர் யார்? குளிரில் எண்ணெய் உறைகிறது, உறைந்தால் கம்பி முனையில் ஈயத்தால் வைத்த பற்றைத் தூக்குகிறது, அதனால் பதில் தப்பாகிறது. ஏ.சி. நின்றால் இளகிவிடுகிறது, மெஷின் ஓடுகிறது. பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது. நானும் அதைத்தான் நம்பினேன், வேறு எதை நம்புவேன்?

எஸ்தரைக் கூப்பிட்டார்கள். இந்தியில் கேட்டார் டைரக்டர், நான் தமிழில் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைப்பாயா? "ஆமா சார்." ஊசியைத் தலையில் இழுப்பாயா? "ஆமா சார்." இந்தச் சட்டம் நீ கோர்த்ததுதானே? பெயர்தான் வெட்டியிருக்கிறதே, அவள் என்ன சொல்வாள்? அந்தப் பித்தளை மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, "என் கைப்பிசகுதான் சார்" என்றாள். அதையும் நான்தான் இந்தியில் சொன்னேன். "கல் ஸே ஆனேகா நஹி" என்றார் டைரக்டர், நாளையிலிருந்து வர வேண்டாம். எஸ்தர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள்.

இப்போது நீ நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம். எல்லோருக்கும் மனசு ஆறிவிட்டது, காரணம் கிடைத்துவிட்டதே. எஸ்தரின் சட்டத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து மாட்டினால் போயிற்று என்றார்கள். சேஷாத்ரி மட்டும் பல்லில் எதுவோ சிக்கின மாதிரி உட்கார்ந்திருந்தார். "என்ன சார், இன்னும் என்ன யோசனை?" என்று கேட்டேன். "பொருந்தறது மாமி. ரொம்ப நன்னாப் பொருந்தறது. ஆனா இதெல்லாம் நாம சொல்றது. மெஷினை இன்னும் கேக்கலை" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டுத்தானே அந்தச் சட்டத்தைப் பிடித்தோம் என்றேன். "அந்த இடத்துலேர்ந்து தப்புப் பதில் வர்றதுன்னுதான் கேட்டோம். அந்தச் சட்டத்தாலதான் வர்றதான்னு கேக்கலையே" என்றார். துடைக்கக் கூடாது, எதையும் சரிசெய்யக் கூடாது, எஸ்தரின் சட்டத்தை அப்படியே வேறொரு இடத்தில் மாட்ட வேண்டும், அந்த இடத்தில் இருப்பதை இங்கே மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. தப்பு சட்டத்தோடு போகிறதா, இருந்த இடத்திலேயே தங்குகிறதா, பார்க்கலாம் என்றார்.

சொல்லச் சுலபம். ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் எத்தனை பற்றை இளக்கி மறுபடி வைக்க வேண்டும், தெரியுமா? வெட்டி வேலை என்று டைரக்டர் கத்தினார். சேஷாத்ரி பற்று வைக்கிற சால்டர் கம்பியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் முழுக்க நானும் அவருமாகக் குனிந்தபடியே செய்தோம், எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. எஸ்தருடைய சட்டத்துக்குப் பதிலாக அந்த இடத்தில் மாட்டியது எந்தச் சட்டம் என்று கேள். என்னுடையது. நானேதான் எடுத்துக் கொடுத்தேன், என் சட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்கிற திமிரில்.

அதற்கடுத்த நாள் காலையில் ஓட்டினார்கள். நன்றாக ஓடியது. குளிர் ஏறியது. நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எஸ்தரின் சட்டம் புது இடத்தில் எப்போது தப்பாகச் சொல்லும் என்று அதற்குரிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. தப்பு வந்தது பழைய இடத்தில், அதாவது என் சட்டத்தில். டைரக்டர் குனிந்து பித்தளை மூலையில் இருந்த பெயரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. என் சட்டத்தில் தவறே இருக்க முடியாது என்று முந்தின நாள் மார்தட்டியவள்தானே நான்? நானும்தானே ஊசியைத் தலையில் இழுத்தேன் என்று மனசு ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு அவசரமாகக் கோர்த்தோமே, அந்தக் கடைசி வரிசையில் கம்பி ஒரு இடத்தில் மடங்கினதே, அதுவாக இருக்குமோ? மடங்கினதா என்றுகூட உண்மையில் எனக்கு நினைவில்லை. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது அது மடங்கிவிட்டது. "சார், நான்தான் போலிருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சேஷாத்ரி முந்திக்கொண்டார். "மாமி, ஒண்ணும் சொல்லாதீங்கோ. இது உங்களால இல்லை. ரெண்டு சட்டமும் நல்ல சட்டம். கெட்டது இந்த இடம்" என்றார். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இடம் கெட்டது என்றால் என்ன? ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு சின்னப் பலகை உண்டு, டிரைவர் என்பார்கள், உனக்குத் தெரியாததா? வளையத்தில் "இல்லை" என்று எழுத வேண்டுமானால், அது "ஆமாம்" பக்கம் சாயாமல் தடுத்துப் பிடிக்க ஒரு மின்சாரத்தை ஓட்ட வேண்டும். அதை ஓட்டுகிறது அந்தப் பலகை. சேஷாத்ரி அந்தப் பலகையையும் பக்கத்துப் பலகையையும் இடம் மாற்றினார். இந்த முறை பிடுங்கிச் செருகுகிற வேலைதான். ஓட்டினார். தப்பு பலகையோடு பக்கத்துச் சட்டத்துக்குப் போயிற்று. திரும்ப மாற்றினார், தப்பும் கூடவே திரும்பி வந்தது. டேய், ஒரு பழுது இப்படிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் ஒரு ஊமைப் பெட்டி இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறதே என்று மலைத்து நின்றேன்.

பலகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் சேஷாத்ரி. அவர் முகத்திலிருந்து சந்தோஷம் போவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பலகையைச் செய்தது அவர்தான். பலகையில் வைக்கும் டிரான்சிஸ்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசன்ஸ் கிடைக்கத் தாமதமானபோது, லாமிங்டன் ரோடு நடைபாதைக் கடையில் பழைய சாமான்களோடு கிடந்த ஒன்றை வாங்கி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று அதில் வைத்திருக்கிறார். லைசன்ஸ் வந்தது, நல்ல சாமான் வந்தது, இது மட்டும் மாற்றாமல் மறந்துபோயிற்று. குளிர் ஏறினால் அதற்குத் தெம்பு போய்விடும். எங்கள் சட்டங்களில் பெயர் இருந்தது, அதனால் பழுது வந்ததும் பெயரைப் பிடித்தார்கள். அவர் பலகையில் யார் பெயரும் கிடையாது. அந்த டிரான்சிஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நல்லது ஒன்றை வைத்துவிட்டு, எஸ்தரின் எண்ணெய்தான் பின்னாலிருந்த பலகை வரை இறங்கியிருந்தது, துடைத்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் உலகமே நம்பியிருக்கும். பக்கத்தில் நின்ற எனக்கே என்ன ஏது என்று தெரிந்திருக்காது. அவர் பலகையை எடுத்துக்கொண்டு நேராக டைரக்டரிடம் போய், எல்லோர் முன்னாலும், "என் தப்பு சார். நான் வெச்சதுதான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலை" என்றார். டைரக்டர் திட்டினார், நன்றாகவே திட்டினார். சேஷாத்ரி கேட்டுக்கொண்டு நின்றார், காது சிவந்துபோயிற்று. மெஷினைப் பார்த்துப் பிரமித்ததைவிட அந்த மனிதரைப் பார்த்து நான் அதிகம் பிரமித்தேன். பிள்ளை என்று ஒருவன் இப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டேன்.

திட்டி முடித்ததும் டைரக்டரே எஸ்தரைக் கூட்டி வரச் சொன்னார். நானும் சேஷாத்ரியும் அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனோம். எஸ்தர் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். அந்த முடி காய்ந்து பரட்டையாகப் பறந்துகொண்டிருந்தது. துணி சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலசியிருக்கிறாள். சேஷாத்ரி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், தப்பு தன்னுடையது என்று சொன்னார், மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அவள் அழுவாள், சிரிப்பாள், குறைந்தது இரண்டு வசவாவது வைவாள் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டே, "இல்ல சார். எம்மேல எரக்கப்பட்டுச் சொல்லுதீங்க. நாந்தான் சார் கெடுத்தேன்" என்றாள்.

"என்னடி உளறுறே?" என்றேன்.

"உளறலக்கா. எந்த நாளுன்னுகூட எனக்குத் தெரியும். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துச்சுல்லா, ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்தேனே, அன்னைக்கித்தான். ஊசி கையில வழுக்குச்சு. அப்பவே மனசுக்குள்ள சுருக்குன்னுச்சு. ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லாம விட்டுட்டேன். வீட்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சு எல்லாம் ஞாபகம் வந்துட்டு."

"உங்க சட்டம் இப்ப வேற இடத்துல நன்னா ஓடிண்டிருக்கும்மா. என் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்" என்றார் சேஷாத்ரி.

"ஓடும் சார்" என்றாள் எஸ்தர். "கொஞ்ச நாளு ஓடிட்டு நின்னுரும்."

அத்தனை பெரிய மெஷினைப் பேச வைத்த சேஷாத்ரி, அந்த வாசலில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மறுநாள் அவளை வற்புறுத்தித்தான் அழைத்து வந்தோம். அவளை முன்னால் நிறுத்தி, கெட்ட பலகையை மாட்டி ஓட்டிக் காட்டினார், நல்லதை மாட்டி ஓட்டிக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். தலையை ஆட்டினாள். டெல்லிக்காரர்கள் வந்தார்கள், மெஷின் ஓடியது, பார்த்துவிட்டுப் போனார்கள், எங்கள் வேலை தப்பியது. அதற்கப்புறமும் ரொம்ப நாளைக்கு எஸ்தர் தினமும் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் போய், தன் சட்டத்தின் விளக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நாற்காலிக்கு வருவாள். எப்போது நின்றுபோகுமோ என்று பார்ப்பதற்குத்தான், வேறெதற்கு? அவளுடைய வேலையை ஒரே பேச்சில் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அவள் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையை அப்படிக் கொடுக்க முடியவில்லை.

அதனால், தாஸ் பாபு ஒப்புக்கொண்டார் என்று நீ எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன், ஒப்புக்கொண்டுதான் இருப்பார். எந்த நாள், எந்தக் கட்டு என்று கேட்டால் அதையும் சொல்வார். ஒரு நிமிஷம் எல்லோரும் திரும்பிப் பார்த்ததற்கே நான் வாயைத் திறந்துவிட்டேன், அவரை எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ. அதே மாதிரி ரீடர் இன்னொன்று மாடியில் சும்மா கிடக்கிறது என்று போன மாசம் நீயே எழுதியிருந்தாய். கனமாக இருக்கும், நாலு ஆள் பிடிக்க வேண்டும், உன் மேலதிகாரி முணுமுணுப்பார், இருக்கட்டும். சனிக்கிழமைக்குள் அதைக் கீழே இறக்கு. அதே ஆளை, அதே கார்டுக் கட்டை, அவர் எப்போதும் வைக்கிற மாதிரியே வைத்து ஓட்டச் சொல். நின்றுபோனால் உன் ரிப்போர்ட்டை அனுப்பு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நிற்காமல் ஓடினால் பழைய ரீடரைப் பிரித்துப் பார், உள்ளே யார் வைத்தது எது இருந்தாலும், அது நீ வைத்ததாகவே இருந்தாலும், சத்தமாகச் சொல். அப்புறம் தாஸ் பாபுவிடம் போய், நீங்கள் இல்லை என்று சொல். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார். நம்புகிற வரைக்கும் கூடவே இருந்து சொல்.

அம்மா